இருக்கைக்கு அடியில் ஒரு முடிச்சு

மருத்துவமனையில் எல்லோரும் அவளைக் காத்தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு ஒல்லி. வார்டு துடைக்கும் வேலைக்கு வந்த புதிதில், இவள் வாளியைத் தூக்குகிறாளா, வாளி இவளைத் தூக்குகிறதா என்று நர்சுகள் கேலி பேசியதில் ஒட்டிக்கொண்ட பெயர். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. காத்தாடி என்றால் மேலேதானே பறக்கும், இருந்துவிட்டுப் போகட்டும் என்பாள்.

அவள் கணவனுக்கும் அங்கேதான் வேலை. பின்பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து தண்ணீர் மோட்டார், ஸ்ட்ரெச்சர் சக்கரம், புல் வெட்டும் வண்டி என்று எது கெட்டாலும் சரிசெய்கிறவன். பேச்சு குறைவு. மனதில் இருப்பது கை வழியாகத்தான் வெளியே வரும்.

மருத்துவமனையைச் சுற்றிப் பெரிய புல்வெளி. அதை வெட்ட, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி ஒன்று உண்டு. அதை ஓட்டியவர் வேறு வேலைக்குப் போய்விட, புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. சூப்பர்வைசர் ஆள் தேடினார். நாள் முழுக்க வெயிலில் காய எந்த ஆணும் முன்வரவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காத்தாடிதான் போய் நின்றாள். ஃபினாயில் நெடியில் அவளுக்குத் தொண்டை எப்போதும் கமறிக்கொண்டே இருந்தது. வெயிலானாலும் திறந்த வெளி போதும் என்றிருந்தது.

கணவன் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். ஓட்டுவதற்கு முன் நடந்துபோய்க் கல், பாட்டில், கம்பி எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். பெட்ரோலை இஞ்சின் ஆறிய பிறகு, கொட்டகைக்கு வெளியே வைத்துத்தான் ஊற்ற வேண்டும். சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே போனால் வண்டி கவிழும். இறங்குவதென்றால் பிளேடை நிறுத்தி, பிரேக் போட்டு, சாவியை எடுத்த பிறகுதான் தரையில் கால் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் அவள் ஒழுங்காகவே செய்தாள்.

ஆனாலும் வண்டி அவளோடு ஒத்துப்போகவில்லை. ஓடிக்கொண்டே இருக்கும், சின்ன மேட்டில் ஏறி இறங்கியதும் பொசுக்கென்று நின்றுவிடும். அந்த வண்டியில் இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. ஆள் உட்கார்ந்திருக்கும் பாரம் தெரிந்தால்தான் பிளேடு சுற்றும். ஆள் எழுந்தாலோ விழுந்தாலோ இஞ்சின் தானாக அணைந்துவிடும். காத்தாடியின் பாரம் அந்த ஸ்விட்சுக்குப் பட்டும் படாமலும் இருந்தது.

விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? “நீ உக்காந்திருக்கறது மெஷினுக்கே தெரியலையாமே” என்று மருந்து கொடுக்கும் ஜன்னலிலிருந்து காவலாளி வரைக்கும் விசாரித்தார்கள். இருக்கையில் மணல் மூட்டையை வைத்துக் கட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்புறம் மூட்டை உட்கார்ந்திருக்கும், நான் விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று காத்தாடி திருப்பிக் கேட்டாள். வீட்டில் மாமியார் களத்தில் இறங்கினாள். காலையில் முட்டை, மதியம் வாழைப்பழம், சாயங்காலம் பால். மருமகள் மென்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

பாதிப் புல்வெளி வெட்டப்படாமலே கிடந்தது. இப்படியே போனால் வெளியாள்தான் போட வேண்டியிருக்கும் என்று சூப்பர்வைசர் ஜாடையாகச் சொன்னார். அன்றைக்கு அவள் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கணவன் காதில் அது விழுந்தது.

அடுத்த நாளிலிருந்து வண்டி நிற்கவே இல்லை. மேடு, பள்ளம், வேர் முண்டு எதில் ஏறினாலும் ஓடிக்கொண்டே இருந்தது. தனக்கு உடம்பு போட்டுவிட்டது என்று காத்தாடி முடிவு கட்டினாள். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை, எதிர்வீட்டுக்காரியிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். மருத்துவமனையில் மூலைக்கு மூலை எடை பார்க்கும் கருவி இருந்தது. காத்தாடி அதில் ஏறிப் பார்க்கவில்லை. கையில் இருக்கும் சந்தோஷத்தைச் சோதித்துப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

கணவனும் ஒன்றும் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கும் சமயம். மேகம் திரண்டு வந்தது, சரிவில் ஒரு துண்டு மட்டும் பாக்கி. ஈரப் புல்லில் வண்டி வழுக்கும் என்பதால் மழைக்கு முன் முடித்துவிட வேண்டுமென்று அவள் பறந்தாள். பொறுக்கும்போது கண்ணில் படாத ரப்பர் குழாய் ஒன்று புல்லுக்குள் குறுக்கே கிடந்தது. பெடலை மிதித்து வண்டியை நிறுத்தினாள். குழாயை இழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? எழுந்தால் இஞ்சின் அணைந்துவிடும் என்பது அத்தனை தடவை பட்டு அவளுக்குத் தெரிந்த விஷயம். பிளேடை நிறுத்தவில்லை, பிரேக் போடவில்லை, சாவியைத் தொடவில்லை. அப்படியே குதித்தாள்.

கால் பெடலை விட்டதும், கியரிலேயே இருந்த வண்டி கிளம்பியது. குனிந்தவள் சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் பக்கத்தில் வந்துவிட்டது. ஒதுங்கிப் புரண்டாள். வண்டி குழாயின் மேல் ஏறியதும் பிளேடு குழாயைச் சுருட்டி இழுத்தது. அதன் நுனியில் இருந்த பித்தளை மூக்கு பிய்த்துக்கொண்டு பறந்து அவள் முழங்காலுக்குக் கீழே அடித்தது. வண்டி நேரே போய் வேலிச் செடியில் மோதி, குழாய் சுற்றிய பிளேடோடு திணறி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் ஒரு நோயாளி காற்று வாங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உயிரே போனது.

காலெலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கையில் விட்டார்கள். அவள் துடைத்த வார்டுதான். கணவன் ஓரமாக நின்றான்.

“நான் எந்திரிச்சேனே, வண்டி ஏன் நிக்கலை?” என்று அவள் கேட்டாள்.

அவன் கட்டிலருகே வந்தான்.

“ஸ்விட்சுக்குப் போற ரெண்டு ஒயரையும் நான்தான் சேத்து முறுக்கி விட்டேன். அப்படிச் செஞ்சா ஆள் இல்லாட்டியும் உக்காந்திருக்கற மாதிரியே மெஷினுக்குத் தெரியும். நீ அழுதது தாங்கலை.”

காத்தாடி தன் ஒல்லிக் கையைத் திருப்பிப் பார்த்தாள். “அப்ப எனக்கு வெயிட்டே ஏறலையா?”

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க. சொல்லியிருந்தா நான் அப்படி இறங்கியிருப்பேனா?”

சாவியை எடுக்காதது தன் தப்பு என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அதையும் சொன்னாள். அதற்கப்புறம் அவனோடு பேசவில்லை.

அவனே போய்ச் சூப்பர்வைசரிடம் நடந்ததைச் சொன்னான். அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். குதித்து முடித்து, வண்டி விற்றவர்களுக்குப் போன் போட்டார். ஒல்லியான ஆட்களுக்கென்றே மெல்லிய ஸ்பிரிங் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு போனில் முடிந்திருக்க வேண்டிய காரியம். கேட்க வேண்டும் என்று கணவன் மனைவி இருவருக்குமே தோன்றவில்லை.

வீட்டில் மாமியார் மருமகள் கட்சியில் சேர்ந்துகொண்டாள். “அப்ப நான் குடுத்த முட்டையெல்லாம் எங்கடா போச்சு?” என்று மகனைக் கேட்டவள், அதோடு அவனிடம் முகம் கொடுப்பதையும் நிறுத்தினாள். இரண்டு பேரின் மௌனத்துக்கு நடுவில் அவன் சமைத்தான், துவைத்தான், மனைவியைத் தாங்கிப் பிடித்து நடக்க வைத்தான்.

கட்டுப் பிரித்துத் தடியூன்றி நடக்கத் தொடங்கியதும் அவள் நேரே கொட்டகைக்குப் போனாள். கேட்காமலே அவனுக்குப் புரிந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு இருக்கையைத் தூக்கிக் காட்டினான். முடிச்சு இல்லை. ஒயர் இரண்டும் புதிதாகத் தனித்தனியே போயின, புது ஸ்பிரிங் மினுமினுத்தது. பேட்டரியை மறுபடி மாட்டி, பிளேடில் சிக்க எதுவும் இல்லாத வெறும் தரைக்கு வண்டியைத் தள்ளி, பிரேக்கை இழுத்து அவளை உட்கார வைத்தான். இஞ்சினைக் கிளப்பி, பிளேடைச் சுற்றவிட்டுக் குலுங்கிப் பார்த்தாள், ஓடியது. இருக்கையிலிருந்து சற்றே எழுந்தாள், அணைந்தது. மறுபடி, மறுபடி செய்து பார்த்தாள்.

“இனிமே எனக்காக எது செஞ்சாலும் எங்கிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க” என்றாள்.

“சரி.”

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். அதுவே அவளுக்குப் பெரும் தலைவலியாகிவிட்டது. பிளேடை இன்றைக்குத் தீட்டவா நாளைக்கா, டயருக்குக் காற்று இவ்வளவு போதுமா, அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டட்டுமா என்று ஆரம்பித்து, வீட்டுக் கதவுக்கு எண்ணெய் விடட்டுமா என்பது வரைக்கும் வந்து நின்றான். ஒருநாள் காலை இரண்டு சட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தபோது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதையெல்லாம் நீங்களே பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சரிவை முடிக்க வேலைக்குக் கிளம்பினாள்.