திருப்பிச் சொன்ன வாய்

ஹேடன் ஃபால்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் நோரீன் ஃபாலனின் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. "இன்னும் பதினைந்து நிமிடத்தில் நூலகம் மூடப்படும். எடுக்கவேண்டிய புத்தகங்களை முன்மேசைக்குக் கொண்டுவாருங்கள்" என்று பத்தொன்பது வருடமாகச் சாயங்காலந்தோறும் ஒலிபெருக்கியில் சொல்லிவந்தவள் அவள்தான். மூக்கில் பாதி தொண்டையில் பாதியாக வரும் குரல். கடைசிச் சொல்லைக் கேள்வி கேட்கிறாற்போல மேலே ஏற்றிவிடுவாள். மாணவர்கள் அதை அப்படியே பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் அங்கே படித்தவள் அல்ல. ஆற்றங்கரைக் காகித ஆலையில் அவளுடைய அப்பா வேலை பார்த்தார். ஆலையை மூடியபோது மலைமேல் பல்கலைக்கழகம் மட்டும்தான் ஊருக்குச் சோறு போட்டது. நோரீன் அலமாரியில் புத்தகம் அடுக்கப் போய், முன்மேசைக்கு வந்து, ஊழியர் சங்கத்தில் நூலகத்துப் பிரதிநிதியும் ஆனாள். புளோரிடாவுக்கு வேலைக்குப் போன கணவன் அங்கேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். அதைப் பற்றி யாராவது கேட்டால், "அவனுக்குக் குளிர் ஆகாது" என்பாள்.

மார்ஷா சலுட்ஸ்கி அடித்தளத்தில் இருந்தாள். முதுகு பிய்ந்த புத்தகங்களுக்கு முதுகு வைப்பதும், கிழிந்த தாளுக்கு மெல்லிய தாள் ஒட்டுவதும் அவள் வேலை. கழுத்தில் ஆறுமுனை நட்சத்திரம் ஒன்று, மொச்சைக்கொட்டை அளவு. இளவயதில் ஒரு விபத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணியவள். அதனால் ஐந்து மணிக்கு நோரீனின் காரில்தான் வீட்டுக்குப் போவாள். மதியச் சாப்பாடும் இருவருக்கும் ஒன்றாகத்தான், அடித்தளத்து மேசையில், பசை வாசனைக்கு நடுவில்.

யூதர்களின் பாஸ்கா பண்டிகை வந்தால் எட்டு நாளும் மார்ஷா ரொட்டி தொடமாட்டாள். புளிக்காத அப்பத்தை நொறுக்கென்று கடிப்பாள்.

"இந்த வருஷமும் அட்டைப் பெட்டியத்தான் திங்கறியாடி?" என்பாள் நோரீன்.

"எங்க ஆளுங்க எகிப்துல இருந்து ஓடியாந்தப்ப மாவு பொங்க நேரமில்ல. உங்க ஆளுங்க அயர்லாந்துல இருந்து ஓடியாந்தப்ப உருளைக்கிழங்கே இல்ல. யாரு யாரப் பாத்துச் சிரிக்கிறது?"

சொல்லிவிட்டு வெண்ணெய் தடவிய துண்டு ஒன்றை நீட்டுவாள். நோரீன் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்பாள்.

நோரீனின் அம்மா இறந்தபோது, அடக்கத்துக்குப் பின்னும் மார்ஷா விடாமல் ஏழு சாயங்காலம் வந்தாள். நூடுல்ஸும் முட்டையும் சேர்த்துச் சுட்ட பணியாரத் தட்டோடு வந்து, தாழ்ந்த முக்காலி ஒன்றைத் தேடியெடுத்து உட்கார்ந்துகொண்டாள். "உங்காளுங்க மூணு நாள்ல எல்லாத்தையும் முடிச்சுட்டு வேலைக்குப் போயிடறீங்க. எங்க வீட்ல ஏழு நாள் உக்காருவோம். நீ உக்காரு. காபி நான் போடறேன்." அந்த ஏழு நாளை நோரீன் மறந்தது கிடையாது.

அக்டோபரில் இஸ்ரேலில் அந்தப் படுகொலை நடந்தபோது மார்ஷா மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. அவளுடைய அக்கா ஹைஃபாவில் இருந்தாள். அக்காவுக்கு ஒன்றுமில்லை, அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் புதைத்துவிட்டு வந்தார்கள். நோரீன் சூப் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு காசாவில் குண்டு விழத் தொடங்கியது; மாதக்கணக்கில் விழுந்தது. நோரீன் தொலைக்காட்சியில் சாம்பல் பூசிய குழந்தைகளைப் பார்த்தாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் காருக்குள் ஏற்றிக்கொள்ளவில்லை. பனியைப் பற்றிப் பேசினார்கள். பேஸ்பால் பற்றிப் பேசினார்கள்.

ஏப்ரலில் நூலகத்துக்கு முன்னிருந்த புல்வெளியில் மாணவர்கள் போரை எதிர்த்துக் கூடாரம் போட்டார்கள். சேறும் குளிருமாக இருந்த வாரம் அது. நோரீன் மதியத்தில் பெரிய பாத்திரம் நிறையப் பருப்பு சூப் கொண்டுபோனாள். அதை அவள் ஒளிக்கவில்லை.

"குடு, குடு. பசங்க விறைச்சுக் கிடக்குதுங்க" என்றாள் மார்ஷா. "எங்க யூதப் பொண்ணு ஒருத்தியும் அங்கதான் படுத்திருக்கா. அட்டை ஒட்டப் பசை வேணும்னு என்கிட்டதான் வர்றா. இருக்கறதுல நல்ல பசையாக் குடுத்தனுப்பறேன். போர நிறுத்துன்னு எழுதறா. எழுதட்டுமே. நான் என்ன வேணாம்னா சொல்றேன்?"

ஒலிபெருக்கி வைக்க நிர்வாகம் அனுமதிக்காததால், ஒருவன் நடுவில் நின்று ஒரு வரி சொல்வான். சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் அதை ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். கடைசி வரிசைவரை அப்படித்தான் போகும். நோரீனுக்கு இது சங்க வேலைநிறுத்தத்திலேயே பழக்கம். அதற்கும் முன்னால் பூசையில் பழக்கம். குருவானவர் ஒன்று சொல்வார், ஆலயம் மொத்தமும் பதில் சொல்லும். ஐந்து வயதிலிருந்து அவள் வாய் பதில் சொல்லியே வளர்ந்த வாய். மனம் சந்தையில் இருந்தாலும் வாய் சரியாகச் சொல்லிவிடும். புல்வெளியில் இருநூறு பேர் ஒரே மூச்சாகச் சொல்லும்போது அவளும் சேர்ந்து சொன்னாள். இவ்வளவு பேரோடு சேர்ந்து ஒன்றைச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

பாஸ்கா வாரத்து வியாழக்கிழமை. சூப் பாத்திரத்தை வைக்க இடம் தேடியபோது, ஓரத்துக் கூடாரத்தில் சாய்த்திருந்த அட்டை நோரீனின் கண்ணில் பட்டது. 'யூதர்களே, போலந்துக்கே திரும்பிப் போங்கள்' என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது. யாரோ வெளியாள் வைத்திருப்பான் என்று நினைத்தாள். எடுத்துக் கவிழ்த்து வைக்க ஒரு நொடி ஆகியிருக்கும். பாத்திரம் சுட்டது. அதன் பக்கத்திலேயே இறக்கி வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

பத்து நிமிடம் போயிருக்கும். கூட்டத்தின் நடுவே ஏதோ சலசலப்பு. நோரீன் கடைசி வரிசையில் ஒரு பையனுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். கேலப் என்கிற அரசியல் படிக்கும் மாணவனின் குரல் எழுந்தது.

"எல்லாரும் கேளுங்க!"

"எல்லாரும் கேளுங்க!" என்றது கூட்டம். நோரீனும் சொன்னாள்.

"நம்ம முகாமுக்குள்ள..."

"நம்ம முகாமுக்குள்ள..."

"ஒரு சியோனிஸ்ட் புகுந்திருக்கா!"

இஸ்ரேல் என்று ஒரு நாடு இருக்கட்டும் என்பவர்களுக்கு அந்தப் பேர். அந்த வசந்தத்தில் புல்வெளியில் அது வசவாகவே ஆகியிருந்தது. கூட்டம் திருப்பிச் சொன்னது. நோரீனும் சொன்னாள், கண் கரண்டியில்தான் இருந்தது.

"கை கோத்துக்கோங்க! ஒரு அடி முன்னால!"

"கை கோத்துக்கோங்க! ஒரு அடி முன்னால!"

பக்கத்துப் பெண் நோரீனின் கையைப் பிடித்தாள். எல்லாரும் ஒரு அடி வைத்தார்கள். அப்போதுதான் இரண்டு தோள்களுக்கு நடுவே பழுப்பு நிறக் கோட்டு தெரிந்தது. மார்ஷா. முதுகு மாற்றிய நிலப்படப் புத்தகம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அறிவியல் கட்டடத்துக்குக் கொண்டுபோகிற வழியில் அட்டையைப் பார்த்துவிட்டு நின்றிருக்கிறாள். "இத யார் எழுதினது? கொஞ்சம் எடுத்துடுங்கப்பா" என்று கேட்டிருக்கிறாள். நீ சியோனிஸ்ட்தானே என்று கேலப் கேட்டதற்கு, "எங்க அக்கா ஹைஃபால இருக்கா. அதுக்கு நீ என்ன பேரு வேணாலும் வச்சுக்கோ தம்பி" என்றிருக்கிறாள். இதெல்லாம் நோரீனுக்குப் பின்னால் தெரிந்தது.

"இன்னொரு அடி!" என்றான் கேலப்.

"இன்னொரு அடி!" என்றாள் நோரீன்.

முன்னால் சொன்னதெல்லாம் யாரென்று தெரியாமல் சொன்னது. இதைத் தெரிந்து சொன்னாள். வாய் சொல்லிற்று, காலும் போயிற்று. மார்ஷா பின்வாங்கி, நடைபாதையின் கல் தடுக்கி, புத்தகத்தை விடாமல் சமாளித்து நின்றாள். பிறகு திரும்பி மெதுவாக நூலகத்தை நோக்கி நடந்தாள். கூட்டம் கைதட்டியது. நோரீனின் ஒரு கை இன்னொருத்தியின் கைக்குள் இருந்தது. மறு கையில் கரண்டி.

ஐந்து மணிக்கு மார்ஷா வழக்கம்போலக் காரில் வந்து ஏறினாள். பெல்ட்டைப் போட்டாள்.

"மதியம் என்ன நடந்துச்சுன்னு கேள்விப்பட்டியா?"

"ஏதோ... சொன்னாங்க."

"இருநூறு பேரு இருப்பாங்கடி. எல்லாம் ஒரே வாய். நான் யாரோட மூஞ்சியையும் பாக்கல. தரையத்தான் பாத்தேன்."

நோரீனுக்கு அப்போது வந்தது நிம்மதி. பார்க்கவில்லை! அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் கூசினாள். "நாசமாப் போறவனுங்க" என்று கூடச் சொன்னாள். சொன்ன நாக்கை அப்போதே கடித்துத் துப்பலாம் போலிருந்தது. மார்ஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளும் வந்து ஏறினாள். அதற்கடுத்த வாரமும். நோரீன் தனக்குள் கணக்கு வழக்கு பேசினாள்: நான் தள்ளவில்லையே, தொடவில்லையே, இரண்டே அடிதானே. சனிக்கிழமை ஆலயத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். முன்னால் இரண்டு கிழவர்கள். திரைக்குப் பின்னால் இருக்கும் குருவானவரிடம் செய்ததைச் சொன்னால் பத்து நிமிடத்தில் மன்னிப்போடு வெளியே வந்துவிடலாம். வந்து என்ன? திங்கட்கிழமை ஐந்து மணிக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரப்போகிறவள் அவர் அல்லவே. வரிசையை விட்டு வெளியே வந்து காரில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

கூடாரங்களை எடுத்தாகிவிட்டது. தேர்வும் முடிந்தது. புல்வெளியில் சதுரம் சதுரமாக மஞ்சள் தழும்பு மட்டும் மிச்சம். பசை வாங்க வரும் பெண் ஊருக்குக் கிளம்புமுன் அடித்தளத்துக்கு வந்து அழுதுவிட்டுப் போனாள் என்று மார்ஷா சொன்னாள். "அன்னிக்குத் தூங்கிட்டு இருந்தாளாம். எழுந்து அந்த அட்டையக் கிழிச்சாளாம். நான் இல்லாமப் போயிட்டேனேன்னு அழறா. இல்லாதவ வந்து மன்னிப்புக் கேக்கறா, பாத்தியா?"

நோரீன் ஸ்டியரிங்கைப் பார்த்தாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. நாலரை மணிக்கு நோரீன் அடித்தளத்துக்கு இறங்கிப் போனாள். மார்ஷா ஒரு புத்தகத்தை அழுத்துப்பலகையில் வைத்துத் திருகை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மார்ஷா. அன்னிக்கு நானும் இருந்தேன். பின் வரிசையில. நானும் சொன்னேன். நீன்னு தெரிஞ்சப்புறமும் சொன்னேன். அந்த அட்டைய முன்னாடியே பாத்தேன். எடுக்கல."

அவ்வளவையும் அவளாகத்தான் சொல்லவேண்டியிருந்தது. யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

மார்ஷா திருகை இன்னொரு சுற்று இறுக்கினாள். "தெரியும்."

"பாக்கலைன்னு சொன்னியேடி..."

"பாக்கல. கேட்டேன். பத்தொம்பது வருஷமா இந்தச் சுவத்துல இருக்கற ஒலிபெருக்கி வழியா உன் தொண்டையத்தானே கேக்கறேன். 'இன்னொரு அடி'ன்னு கடைசிய மேல ஏத்தினியே. இருநூறு இல்ல, ரெண்டாயிரம் பேரு கத்தினாலும் எனக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கார்ல ஏறின?"

"இன்னிக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னுதான். ரெண்டு வாரமா பெல்ட்டப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். நீ என்னடான்னா மழை வருமான்னு கேக்கற." அவள் குரல் உயரவில்லை. கையைத் துணியில் துடைத்தாள். "தெரியாதவன் கத்தினா காதுதான்டி வலிக்குது."

"உனக்கு நான்..."

"வேணாம். 'எங்கம்மா செத்தப்ப நீ ஏழு நாள் வந்தியே'ன்னு ஆரம்பிக்காத. அது அதோட இருக்கட்டும்."

அதைத்தான் நோரீன் சொல்லவிருந்தாள்.

மார்ஷா கோட்டை மாட்டினாள். "நான் இன்னிக்குப் பஸ்ல போறேன்."

"திங்கட்கிழமை?"

"தெரியாது." கதவருகே நின்று பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "கேளு. அன்னிக்குக் கேட்டுப் பாரு. சொல்றேன்."

நோரீன் மேலே வந்தபோது மணி நாலே முக்கால். முன்மேசையில் இரண்டு மாணவர்கள் நின்றார்கள். கண்ணாடி வழியே பேருந்து நிறுத்தத்தில் பழுப்புக் கோட்டு தெரிந்தது. ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தினாள். "இன்னும் பதினைந்து நிமிடத்தில் நூலகம் மூடப்படும்" என்றாள். அடுத்த வரி வர நேரமாயிற்று. மாணவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சொல்லி முடித்தாள், கடைசிச் சொல் மேலே ஏறவில்லை.

பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். திங்கட்கிழமை என்ன வார்த்தை சொல்லிக் கேட்பது என்று அப்போதே தேடத் தொடங்கினாள். பேருந்து வந்து நின்று, கிளம்பிப் போனது.