வாளிகளோடு ரயிலில் வந்த அக்கா

அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் வீடு தேடி வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அக்கா இருந்திருந்தால் இந்த நினைவு மலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்குட்டி இவ்வளவு காயிதம்?" என்று என்னைத்தான் முதலில் பிடித்திருப்பார். அவருடைய சிக்கனத்தை எல்லோரும் புகழ்ந்து பேசுகிறீர்கள். நான் புகழ்வதற்கு மட்டும் இதை எழுதவில்லை.

அக்கா பிறந்தது தென்காசியில். அப்பாவுக்கு ஐந்தருவிப் பாதையில் சிப்ஸ் கடை. சாரல் அடித்தால் வீட்டில் காசு புழங்கும். சீசன் முடிந்துவிட்டால் அம்மா இழுத்துப் பிடித்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும். ஒரு வருடம் அருவியில் தண்ணீரே சரியாக விழவில்லை. அந்த வருடம் பார்த்துத்தான் அக்காவுக்குத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்தது. "பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டு படிச்சது போதும்லா" என்றார் பெரியப்பா. இதை எழுதுவதற்கு அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்பா கடைக் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஃபீஸ மட்டும் கட்டுங்கப்பா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அக்கா.

சொன்னபடியே பார்த்தும்கொண்டார். பாடப்புத்தகங்களை முந்தைய ஆண்டு மாணவிகளிடம் வாங்கிப் படித்து, அடுத்து வந்தவர்களுக்குக் கொடுத்தார். தண்ணீர் பாட்டில் ஒன்றுகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. துணிப்பையும் தைத்துத் தைத்துப் போட்ட செருப்புமாகவே இரண்டு வருடத்தையும் ஓட்டினார். தோழிகள் கஞ்சம் என்று கேலி செய்தார்கள். அக்கா சிரித்துக்கொள்வார்.

விடுதியைக் காலி செய்கிறவர்கள் வாளி, பாய், குவளை எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுப் போவார்கள். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அதையே மறுபடி கடையில் வாங்குவார்கள். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, கழுவி, வாளிக்குள் வாளியாக அடுக்கி பாசஞ்சர் ரயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஸ்டேஷனில் பார்த்த பெரியம்மா, "என்னட்டி, சீர்வரிசைய இப்பமே சேக்கியா?" என்று கேட்டு, அதை ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டார்.

அம்மாவுக்கு மானக்கேடாகப் போயிற்று. அக்கா கடையில் இருந்த ஒருநாள், தெருவில் வந்த பழைய சாமான் வியாபாரியிடம் அம்மா மொத்தத்தையும் போட்டு, ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொண்டார். சாயங்காலம், வாளிகளை அடுக்கி வைத்திருந்த மொட்டைமாடி காலியாகக் கிடப்பதைப் பார்த்த அக்கா சண்டை போடவில்லை. குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வியாபாரியின் கடைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணாச்சி, குடம் இந்தா இருக்கு. வாளியெல்லாம் திருப்பித் தந்துருங்க. அது எனக்கு உள்ளது இல்ல, வரப்போற பிள்ளையளுக்கு உள்ளது."

"யாரு தாயி அந்தப் பிள்ளைய?"

"காலேஜ் தொறந்தாத்தான் தெரியும் அண்ணாச்சி."

அவர் சிரித்துவிட்டார். உடைத்துப் போட்டது போக மிச்சத்தைத் தந்தார். உடைந்து கிடந்ததைப் பார்த்துத்தான் அக்காவுக்குக் கண் கலங்கியது. மறு வருடம் வாளிகளைக் கழுவி மாடியில் காயப்போட்டது அம்மா.

அக்கா முதுகலை முடித்து ஆராய்ச்சியில் சேர்ந்தார். உதவித்தொகை வந்தது. அதை மிச்சம் பிடித்து அப்பாவின் கடைக்குக் கூரை மாற்றிக் கொடுத்தார். அந்த நாட்களில்தான் அடிவயிற்றில் வலி தொடங்கியது. "ஸ்கேன் எதுக்கு வீணா? ஓமத்தண்ணி குடிச்சா கேக்கும்" என்றார். கேட்கவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நோய் முற்றியிருந்தது. எனக்கு அக்காவின் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மத்ததெல்லாம் சரியாத்தான் செஞ்சேன்ட்டி. இந்த ஒண்ணுல சிக்கனம் பாத்திருக்கக் கூடாது. நம்ம ஆளுககிட்ட நீ சொல்லிரு."

அக்காவைக் காப்பாற்றப் பாடுபட்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த விடுதித் தோழிகளுக்கும், சுரண்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் சோறு கொண்டுவந்த அத்தை குடும்பத்துக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது வலியைப் பொறுத்துக்கொண்டு, "அடுத்த மாசம் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்த மலரைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அவர்களை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.