அகப்பையில் வராத கோடு

வேலையைத் தொடங்கும் முன் சட்டை நுனியால் கணினித் திரையைத் துடைக்கிறார். தூசி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வராது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் துடைக்காமல் கை ஓடாது.

இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை மட்டும் நிரல் எழுதி உருவி எடுப்பது அவர் தொழில். படம், நிறம், விளம்பரம் எல்லாம் கழிவு. யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றது. பேருந்து நிறுவனம் தன் தளத்தில் போடும் நேரங்களை அன்றாடம் எடுத்து ஒரு கைபேசிச் செயலிக்குத் தருகிறார். யாராவது குறை சொன்னால், "சட்டியில இருக்கிறதுதானே சார் அகப்பையில வரும்?" என்பார். அலுவலகத்தில் அவர் பெயரே அகப்பை ஆகிவிட்டது.

வீட்டிலும் அதே கைதான். மைத்துனர் போனில் அரை மணி நேரம் உருகிய பிறகு, "அண்ணன் என்னங்க சொன்னாரு?" என்று மனைவி கேட்டால், "வண்டி வேணுமாம்" என்பார்.

போன வாரம் மனைவிக்குப் பல் மருத்துவமனையில் நேர்காணல். பிள்ளைகள் வளர்ந்தபின் முதன்முதலாக வேலைக்குக் கிளம்புகிறார். செயலியை நம்பி எட்டரை மணிப் பேருந்துக்கு நின்றார். அது வரவேயில்லை. தளத்தில் அந்த எட்டரை மேல் குறுக்கே கோடு போட்டு, நிறுவனம் அதை என்றைக்கோ நிறுத்திவிட்டது. நிரல் எழுத்தை எடுத்துக்கொண்டு கோட்டை விட்டுவிட்டது. செத்த பேருந்து செயலியில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"கோடு எழுத்து இல்லியேம்மா..."

"சட்டியில கோடு இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்ப அகப்பையில ஓட்டை. அதையும் உங்க சாருங்ககிட்ட சொல்லுங்க."

மருத்துவமனை பெரிய மனது பண்ணி இன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறது. இதையும் விட்டால் வேறு ஆளாம். கோட்டையும் பிடிக்கும்படி நிரலை அன்றே திருத்திவிட்டார். இருந்தும் வாரம் முழுக்கத் திரையில் ஒவ்வொரு நேரத்தின் மீதும் விரலை ஓட்டிப் பார்த்தார், கோடு விரலில் தட்டுப்படும் என்பதுபோல. "அண்ணே, ஸ்கிரீன் தேஞ்சிடப் போகுது" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

இன்று காலை மனைவிக்கு முன்னால் நிறுத்தத்துக்கு வந்து நின்றவர் இவர்தான்.

"எட்டே கால் பஸ் இருக்குல்ல?"

"சட்டியில இருக்கு. கோடு இல்ல."

"சட்டி கெடக்கட்டும். பஸ் வருமா?"

அவர் எட்டிப் பார்த்தார். தெருமுனையில் இன்னும் எதுவும் தென்படவில்லை. சாலையில் ஓரடி இறங்கி, பேருந்தை நிறுத்தக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.