பூட்டிக் கிடந்த பின்வாசல்

ஒரு முட்டை களவு போய்விடக் கூடாது என்று, உள்ளே ஆள் நிற்கும்போதே கதவைப் பூட்டி வைக்கிறவரை என்ன சொல்வது? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை.

சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுந்தரபாண்டி அண்ணாச்சி வைத்திருந்த பாஸ்ட்புட் கடையில், கல்லூரி விட்டதும் பார்சல் கட்டுவது என் வேலை. 2007 தீபாவளிச் சீசனில் மாரிக்கண்ணனை அங்கே கூட்டிப்போனவனும் நான்தான். என் வகுப்புக்காரன், ஊர் தாயில்பட்டி. அவன் அப்பா செல்லச்சாமி பட்டாசுக் கம்பெனி வெடி விபத்தில் செத்துப்போனவர். காரியம் முடியும் முன்பே போர்மேன் வீட்டுக்கு வந்து அவன் அம்மா குருவம்மாளிடம், "பையன அனுப்புங்க தாயி, அவுக எடம் அப்படியே காலியாக் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். என்ன நெஞ்சழுத்தம்! சாயங்கால வேலை ஒன்று கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் அப்பாவின் இடம். மாரிக்கண்ணன் முன்னால் இருந்தது இந்த இரண்டுதான்.

"மூணு நாளு பாப்பேன். சரியா வந்தா வேல" என்றார் அண்ணாச்சி.

முதல் நாள் அடுப்படிக்குள் நுழையும்போதே செருப்பை வெளியே கழற்றிப் போட்டான். பட்டாசுக் கம்பெனியில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்ப் பழகியவன். அங்கே வெடிமருந்து ரூம் பக்கம் செருப்பு ஆகாது, உரசினால் தீப்பொறி வரும் என்று. இங்கேயோ தரையெல்லாம் எண்ணெய். வழுக்கி, மாவு டப்பாவோடு சேர்ந்து விழுந்தான். "என்னலே, இதென்ன இருக்கன்குடிக் கோயிலா?" என்று அண்ணாச்சி சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். மற்றபடி அவன் கை நல்ல சுறுசுறுப்பு. முட்டைக்கோசை அவன் நறுக்கியதைப் பார்த்து மாஸ்டர் கருப்பணனே, "பய தேறிருவான்" என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம், மாஸ்டர் அடுப்பைப் பற்றவைக்கப் போகும்போது கேட்டான்.

"அண்ணாச்சி, பின்வாசல் எங்கன இருக்கு?"

வெங்காய மூட்டைக்குப் பின்னால் இருந்தது. பூட்டோடு. வெளியே போக இருந்த இன்னொரு வழியில் இரண்டு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் நின்றன.

"அதத் தொறந்து வச்சா முட்டையும் கோழியும் நடந்து போயிரும்லே" என்றார் அண்ணாச்சி.

"தீப்பிடிச்சா?"

"வெடிக்க இது என்ன ஒங்க ஊருக் கம்பெனியா? பயந்தாங்கொள்ளிப் பயலே, வேல வேணுமா, வாசல் வேணுமா?"

மாரிக்கண்ணன் கரண்டியைக் கீழே வைத்தான். "அப்ப நான் வரல அண்ணாச்சி."

எனக்கு ரத்தம் கொதித்தது, முதலில் அவன் மேல்தான். தெருவரை ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன். "கிறுக்குப் பயலே, நாளைக்கே அந்தப் போர்மேன் வந்து நிப்பான்லே!"

"நிக்கட்டும் அசாரு. நீ ஒரு வருசமா இங்கன இருக்க. அந்தக் கதவப் பாத்தியா?"

பார்த்ததே இல்லை. சாயங்காலம் தவறாமல் அந்த அடுப்படியில் பார்சல் கட்டினேன், கதவு ஒன்று இருப்பதே தெரியாது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. உள்ளே போய்ப் பார்சல் கவரையெல்லாம் மேஜையில் போட்டேன். "அப்ப நானும் வரல அண்ணாச்சி." கருப்பணனும் பற்றவைத்த அடுப்பை அணைத்தார்.

வாசலில் பட்டாசு வாங்க வந்த வெளியூர்க் கார்கள். ஃப்ரைட் ரைஸ் எங்கே என்று சத்தம். அண்ணாச்சி எங்கள் மூவரையும் வாய்க்கு வந்தபடி ஏசினார். பிறகு சாவியை எடுத்து, கடை வாசலில் நின்ற மாரிக்கண்ணன் மேல் வீசினார். "தொறந்து தொலைலே! ஒரு முட்ட கொறஞ்சாலும் ஒன்னயத்தான் கேப்பேன். போய் வேலயப் பாரு!"

வேலை கிடைத்தது இப்படித்தான்.

அவன் உடனே அடுப்புப் பக்கம் போகவில்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரத்தில் வைத்தான். பூட்டைத் திறந்தான். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். அப்புறம் அடுப்பிலிருந்து பின்வாசல்வரை ஒவ்வொரு எட்டாக எண்ணி நடந்தான், திரும்பி வந்து மறுபடியும் நடந்தான்.

"என்னலே, ஓடிப் பழகுறியா?" அண்ணாச்சிக்கு நக்கல் போகவில்லை.

"ஆமா அண்ணாச்சி. எங்கப்பா இருந்த எடத்துக்கும் வாசலுக்கும் மூணே எட்டுதான். வாசல மறிச்சு லோடுப் பெட்டி அடுக்கியிருந்தாக."