நான் மடித்தது, அவர்கள் குதித்தது

துணி மடிக்கிற வேலைதானே என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்; நான் மடித்த துணியை முதுகில் கட்டிக்கொண்டு ஆட்கள் விமானத்திலிருந்து குதித்தார்கள். தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், புல் முளைத்த பழைய ஓடுபாதை ஒன்றில், ஒரு கிளப் ஞாயிற்றுக்கிழமைகளில் பாராசூட் பயிற்சி நடத்தியது. சுங்குவார்சத்திரத்தில் ரெடிமேட் சட்டை தைத்துக்கொண்டிருந்த என்னை மடிப்பு வேலைக்குச் சேர்த்தவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற தங்கவேலு மாஸ்டர். வீட்டுக்கு வந்த பிறகு, ‘எல்லாம் சரியாகத்தான் செய்தோமா?’ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிற வேலை பார்ப்பவர்களே, நீங்களும் நம்ம ஜாதிதான்.

சாம்பிள்

குதிப்பவருக்கு முதுகில் பெரிய பாராசூட், அது சொதப்பினால் இழுக்க மார்பில் சின்னது. பக்கத்து உதிரிபாகக் கம்பெனியின் குவாலிட்டி சூப்பர்வைசர் ஒருவர் முதல் தடவையாகக் குதிக்க வந்தார். சின்னதைக் கையில் வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது தெறக்கும்னு எப்படி நம்பறது?” என்று கேட்டபடியே சிவப்புக் கைப்பிடியை இழுத்துவிட்டார். முக்கால் மணி நேரம் நான் மடித்தது அத்தனையும் மேசையில் பொலபொலவென்று கொட்டியது.

அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

“டெஸ்ட் பாஸ்! இப்ப டெஸ்ட் பண்ணாத பீஸ் ஒண்ணு குடும்மா.”

வேர்க்கடலைக் கொல்லை

காற்று கொஞ்சம் திரும்பினால் போதும், எங்கள் ஆட்கள் ஓடுபாதையைத் தாண்டி முனுசாமியின் வேர்க்கடலைக் கொல்லையில் போய் இறங்குவார்கள். மூன்றாவது ஞாயிறும் செடி நசுங்கியதும் அவர் நேராக எங்கள் மடிப்புக் கொட்டகைக்கே வந்துவிட்டார். காற்று எங்கள் பேச்சைக் கேட்காது என்று மாஸ்டர் பொறுமையாக விளக்கினார். முனுசாமி முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

“வானம் உங்களுதாவே இருக்கட்டும் சார். எறங்கறவங்கள மட்டும் வரப்பு மேல எறங்கச் சொல்லு.”

வசந்தா

வசந்தா பேங்க் கிளார்க். அது அவளுக்கு மூன்றாவது குதிப்பு. அவள் கட்டியிருந்த இரண்டு பாராசூட்டையும் மடித்து, மடித்தது யார் என்று குறிக்கும் கார்டில் கையெழுத்துப் போட்டவள் நான். அவள் குதித்தாள், துணி வெளியே வந்தது, ஆனால் குடையாக விரியவில்லை. ஒரு கயிறு துணியின் மேல் குறுக்கே விழுந்து, அதை இரண்டு கட்டியாகப் பிதுக்கியிருந்தது. அவள் சுழன்றுகொண்டே இறங்கினாள். “சின்னத இழு! இழும்மா!” என்று மாஸ்டர் தரையிலிருந்து கத்தினார். அவளுக்கு எப்படிக் கேட்கும்? நான் கத்தக்கூட இல்லை. கார்டில் இருக்கும் என் கையெழுத்துதான் கண்ணில் நின்றது.

திடீரென்று வெள்ளையாகச் சின்னது விரிந்தது. ஓடுபாதைக்குப் பக்கத்து ஏரியின் சேற்றில் தொப்பென்று விழுந்தாள். செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். என் மடிப்பில் பிழையா, அவள் குதித்த விதத்தில் பிழையா என்று மாஸ்டராலும் கடைசிவரை சொல்ல முடியவில்லை. ஆனால் அன்றைக்கு நான் அழுத அழுகைக்கு அந்தச் சந்தேகமே போதும். முழங்கால்வரை சேற்றோடு அவள் கேட்டாள், “சின்னதும் நீங்க மடிச்சதுதானா அக்கா?” தலையாட்டினேன்.

“அப்ப கணக்க நேர் பண்ணிட்டீங்க. அழாதீங்க, கைய குடுத்துத் தூக்கி விடுங்க.”

என் முறை

அதற்குப் பிறகு இரண்டு வாரம் எனக்கு மடிக்கக் கை வரவில்லை. மடிப்பேன், பிரிப்பேன், மறுபடி மடிப்பேன். மாஸ்டர் திட்டவில்லை. தன் கண் முன்னால் ஆறு பாராசூட் மடிக்கச் சொன்னார். “இதுல ஒண்ண எடுத்துக்க. நாளைக்கு நீ குதிக்கற” என்றார். பட்டாளத்தில் மடிக்கிறவர்களும் குதிக்க வேண்டுமாம்.

குதித்தேன். தலைக்கு மேலே ‘டப்’ என்று விரிந்த அந்தச் சத்தத்தைவிட இனிமையான ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. முட்டி சிராய்த்து, வாயெல்லாம் மண்ணாக எழுந்தபோது மாஸ்டர் தண்ணீரோடு வந்தார். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“எல்லாம் சரிம்மா. ஆறும் நீயே மடிச்சது, அப்புறம் எதுக்கு ஒவ்வொண்ணா தூக்கித் தூக்கிப் பார்த்து எடுத்த?”

இப்போதெல்லாம் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்பவர்களிடம் துணி மடிப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் முழுசாகச் சொன்னால் முதலில் வானத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் என் கையைப் பார்க்கிறார்கள்.