சாப்பாட்டுச் சங்கு

அணைக்காரரைக் கீழ்த்தெருவில் யாரும் அணைக்காரர் என்று கூப்பிட்டதில்லை. அங்கே அவருக்குப் பெயர் ‘சாப்பாட்டு மணி’. பசிக்கிறவர்கள் வைத்த பட்டம், அப்படித்தான் இருக்கும்.

கீழ்த்தெருவுக்கு மேலே ஆற்றை மறித்து நின்ற அந்தச் சின்ன அணை அரசாங்கத்துடையது அல்ல. நூல் மில்லுக்காக முதலாளியின் தாத்தா கட்டியது. மில்லை மூடிப் பல வருஷமாகிவிட்டது. மிஞ்சியது அணை, துருப்பிடித்த மதகு, வெள்ள எச்சரிக்கைக்கென்று விட்டுவைத்த மில் சங்கு, இதையெல்லாம் பார்த்துக்கொள்ள இவர். சங்காவது கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று தினமும் நண்பகலில் ஒரு தடவை ஊதிப் பார்ப்பார். அங்கே ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அதுதான். தெருவும் அதை வைத்தே கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தது. ஒருநாள் காய்ச்சலில் ஊதாமல் விட்டதற்கு, அங்கே தையல்கடை வைத்திருந்த அவர் மகளே சண்டைக்கு வந்துவிட்டாள்.

"உங்களால உங்க பேரன் பட்டினிப்பா!"

அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

கொஞ்ச நாளாக அணையின் அடியில் கசிவு. தண்ணீர் தெளிவாக வரும்வரை சமாளிக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். இதையும், மதகு பாதிக்கு மேல் திறக்காது என்பதையும் முதலாளியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"தாத்தா கட்டினதுய்யா, மலை மாதிரி நிக்கும். சும்மா பயமுறுத்தாதீங்க."

மலைதான். அதன் அடியில் குடியிருந்தது முதலாளியின் மகள் இல்லையே!

அன்று மேலே நல்ல மழை. இவர் போய்ப் பார்த்தபோது கசிவு செம்மண் நிறத்தில் பீச்சியடித்துக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மதகுச் சக்கரத்தைச் சுற்றினார். பாதியில் நின்றது, நின்றதுதான். முதலாளி போனை எடுக்கவில்லை. ஓடிப்போய்ச் சங்கை அழுத்தினார்.

கீழே கடைக் கதவுகள் சாத்தப்பட்டன. விளையாடிய பிள்ளைகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது, அது நண்பகல். கையை எடுக்காமல் ஊதினார். யாரோ ஒருவர் அணைப் பக்கம் பார்த்துக் கையாட்டிவிட்டு வீட்டுக்குள் போனார்.

ஒரு கையால் சங்கை அழுத்திக்கொண்டே மறுகையால் மகளுக்குப் போன் போட்டார்.

"ஓடும்மா! பையனைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடு!"

"ஒண்ணும் கேக்கலைப்பா, ஒரே சங்குச் சத்தம். நாங்க உக்காந்துட்டோம். நீங்களும் போய்ச் சாப்பிடுங்க."

வைத்துவிட்டாள். சங்கை விட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் சுவர் பிளந்தது. மகள், பேரன், பாதிச் சாப்பாட்டில் இருந்த தெரு, எல்லாம் அவர் கண்ணெதிரே போயிற்று.

விசாரணையில் அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று.

"சங்கு ஊதினீங்களா?"

"ஊதினேன். ஆனா..."

"முறைப்படி எச்சரிக்கை குடுத்திருக்காருங்க," என்றார் முதலாளியின் வக்கீல், நிம்மதியாக.

"ஐயா, அந்தச் சத்தம் கேட்டா வீட்டுக்குள்ள போய் உக்காரணும்னு அவங்களைப் பழக்கினதே நான்தான்யா."

"அதை யாரும் கேக்கலை. நீங்க வீட்டுக்குப் போகலாம்," என்றார் அதிகாரி.