தாமரை குடித்த தண்ணீர்

தண்ணீரைப் பற்றி உபதேசம் செய்கிறவர்களை இளமாறனுக்குக் கண்டாலே ஆகாது. முப்பத்தோரு வருடமாகக் குழாய் வேலை பார்ப்பவர். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கத்தில், சாக்கடை மூடியைத் தூக்கிக் கையைவிட்டுத் தொழில் கற்றவர். பிறகு உரிமம் எடுத்தார். புக்கிட் பாஞ்சாங்கில் வீடு, ஒரு வேன், நாலைந்து இடங்களில் பராமரிப்பு ஒப்பந்தம் என்று ஒருவழியாக நிலைத்தார். சொட்டு நீரையும் சேமிப்போம் என்று மேடையில் முழங்குகிறவர்களில் ஒருவருக்குக்கூடத் தம் வீட்டு மீட்டர் எங்கே இருக்கிறதென்று தெரியாது என்பது அவருடைய கணிப்பு. அதை அவர்களிடமே சொல்லியும் இருக்கிறார்.

காத்தோங்கில் அவர் பராமரித்துவந்த கொண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவுக்குப் பசுபதி என்பவர் தலைவர். கப்பல் நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அலுவலகம் போய்விட்டது, கூட்டம் நடத்தும் பழக்கம் மட்டும் போகவில்லை. வாசலில் கருங்கல்லில் தாமரை வடிவ நீரூற்று வைக்கச் சொன்னவர் அவர்தான். வருகிறவர்களையெல்லாம் அதன் எதிரே நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்.

தண்ணீர்க் கட்டணம் ஏறிய வருடம், கொண்டோவின் பொது இடங்களுக்கு வந்த பில் இரண்டு மடங்கானது. கட்டணம் ஏறியது கொஞ்சம்தான். மீதி எங்கே போனது என்று யாராவது மீட்டரைப் போய்ப் பார்த்திருக்கலாம். பசுபதி அதற்குப் பதிலாகத் தண்ணீர்ச் சிக்கனக் குழு அமைத்தார். குழு சுவரொட்டி ஒட்டியது. நீச்சல்குளத்துக் குளியலறையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூவும் கடிகாரம் மாட்டியது. அப்படியும் பில் இறங்காததால், கடைசியில் பழி துப்புரவு செய்யும் மைமூனிடம் வந்து நின்றது.

மைமூனுக்கு அறுபதை ஒட்டிய வயது. தினமும் எல்லைக்கு அப்பால் ஜொகூரிலிருந்து உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர். அவர் குழாயைத் திறந்துவிட்டு நடைபாதை கழுவுவதை யாரோ மாடியிலிருந்து படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினார்கள். மறுநாளே தரைத்தளக் குழாய்கள் எல்லாவற்றுக்கும் பூட்டு விழுந்தது. நாளுக்கு ஆறு வாளி என்று கணக்கு. அதையும் குளத்துப் பக்கமிருந்து தூக்கிவர வேண்டும். முட்டி வலியோடு அவர் வாளி சுமப்பதைக் குழுவினர் நீரூற்றின் அருகே நாற்காலி போட்டுக் காப்பி குடித்தபடி பார்த்தார்கள்.

எங்கேயோ கசிகிறது, அரைமணி நேரம் வால்வுகளை மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று இளமாறன் இரண்டு முறை சொன்னார். பசுபதி அவர் தோளில் கை வைத்தார்.

"மிஸ்டர் இளமாறன், நீங்க பைப்பப் பாருங்க. பாலிசிய நாங்க பாத்துக்கிறோம் லா."

ஆலோசகர் ஒருவர் வந்தார். குழாய் ஒன்றைக்கூடத் தொடாமல் நாற்பது பக்க அறிக்கை கொடுத்தார். பணியாளர்களின் மனப்பான்மை மாற வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த பில் இன்னும் கூடுதலாக வந்தது. தண்ணீரை வீணாக்கினால் வேலை போகும் என்று மைமூனுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அதை வாசித்துக் காட்டச் சொல்லி அவர் நீட்டியபோது, இளமாறனுக்கு வாய்க்கு வந்ததெல்லாம் அந்த அம்மாளின் முன் சொல்லக்கூடாத வார்த்தைகளாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, யாரிடமும் கேட்காமல், அவர் வேலையைத் தொடங்கினார். மைமூனை மீட்டர் பக்கம் நிறுத்திவிட்டு, கைபேசியில் பேசியபடியே ஒவ்வொரு வால்வாக மூடிக்கொண்டு போனார். குளம், தோட்டம், குளியலறை எல்லாம் மூடியாயிற்று.

"அந்தச் சின்ன சக்கரம் சுத்துதாக்கா?"

"சுத்துது தம்பி. நல்லா வேகமா சுத்துது."

மீதி இருந்தது நீரூற்று ஒன்றுதான். அதன் வால்வையும் திருகினார்.

"நின்னுடுச்சு தம்பி."

தாமரைக்குப் பின்னால் இருந்த குழியின் மூடியைத் தூக்கினார். தொட்டி நிரம்பியதும் தண்ணீரை அடைக்க வேண்டிய மிதவை முறிந்து ஓரமாகக் கிடந்தது. வந்த தண்ணீரெல்லாம் நிரம்பி, பக்கக் குழாய் வழியாக நேரே வடிகாலுக்குப் போயிருக்கிறது. நாளுக்குப் பதினைந்தாயிரம் லிட்டராவது இருக்கும். மைமூனுக்கு அளந்து கொடுத்தது ஆறு வாளி.

பசுபதியை அழைத்துக் காட்டினார். அவர் குழியைக் குனிந்து பார்த்தார். பிறகு, இதைத் திறக்க யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்டார்.

மிதவையை மாற்றியதும் பில் பாதிக்கும் கீழே இறங்கியது. குழு அதைத் தன் வெற்றியாக அறிவித்தது. வட்டாரத்தில் யாரோ கொடுத்த பாராட்டுச் சான்றிதழை வாங்க ஞாயிற்றுக்கிழமை விழா, கறிப்பஃப், தேநீர். குடியிருப்பாளர்களின் பழக்கம் மாறியதே காரணம் என்று பசுபதி இருபது நிமிடம் பேசினார். படம் எடுக்க இளமாறனையும் கூப்பிட்டு ஓரத்தில் நிற்க வைத்தார். இளமாறன் படம் முடியும்வரை பொறுமையாக நின்றுவிட்டு ஒலிவாங்கியை எடுத்தார்.

"சார், தண்ணி கொறஞ்சது உங்க பழக்கத்தால இல்ல. இந்தத் தாமரை ஆறு மாசமா குடிச்சிட்டு இருந்துச்சு, நான் அடைச்சேன். மைமூன் அக்காவுக்குக் குடுத்த லெட்டர எப்ப திருப்பி எடுக்கப்போறீங்க?"

அதைப் பிறகு பேசலாம் என்று பசுபதி கையை நீட்டினார், ஒலிவாங்கிக்காக. மூன்றாம் மாடியில் இருக்கும் மயூரா என்ற பெண் எழுந்து, என்ன கசிவு, எங்கள் பணம் எவ்வளவு போனது என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் பசுபதியின் முகம் வெளிறியது. அந்த வாரமே பூட்டுகள் கழன்றன.

கடிதத்தை ரத்து செய்யும் கடிதமும் வந்தது. மைமூன் அதையும் இளமாறனிடமே கொண்டுவந்தார். ஒரே வரி: கவனக்குறைவால் நேர்ந்த குழப்பத்துக்காக முந்தைய கடிதம் திரும்பப் பெறப்படுகிறது.

"யாரோட கவனக்குறைவு தம்பி?"

"அத எழுத மறந்துட்டாங்கக்கா."

மைமூன் முதல்முறையாகச் சிரித்தார். காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, உட்லண்ட்ஸ் பேருந்து தவறிவிடும் என்று கிளம்பினார். அந்தக் கொண்டோவில் இளமாறனின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.